தவக்காலத்தில் ஒரு அல்லேலூயா

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்த சத்தம் படிக்கட்டின் அடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

“சித்தி,” என்றான் வால், ஒன்றுமே நடக்காத மாதிரி. “சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“உன்கிட்டதானேடா கொடுத்தேன்.”

“கொடுத்தீங்க, நான் இல்லேங்கல. வாங்கினேன், பூட்டுல போட்டேன், திறந்தேன்...”

“அப்புறம்?”

“அப்புறம் எடுக்கல. வெளிப்பக்கம் தொங்கிட்டிருக்கு.”

சித்தி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இருட்டில் தெளிவாகக் கேட்டது.

சித்தி என்றால் நிஜமாகவே சித்தி. வாலின் அம்மாவுக்குத் தங்கை. பொய் சொல்லி இன்ஷூரன்ஸ் கேட்பவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, அது அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறான் என்று அக்கா மகனுக்கு வால் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவனுக்கு முப்பது வயசு ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

இருவரும் மாட்டிக்கொண்டிருந்த படிக்கட்டு, ஒரு சர்ச் கட்டடத்தையும் அதன் பள்ளிக்கூடத்தையும் இணைப்பது. கீழ்க்கதவு சர்ச்சில், பூசை உடைகள் வைக்கும் அறைக்குள் திறக்கும். மேல்கதவு பள்ளிக்கூடத்து மாடி வராந்தாவில், பெரிய டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமை ஆசிரியையின் அறைக்குப் பக்கத்தில் திறக்கும். இரண்டுமே சாத்தினால் பூட்டிக்கொள்ளும் கதவுகள். உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். ஜன்னல் கிடையாது, பல்பு எந்தக் காலத்திலேயோ செத்துப்போயிருந்தது. செல்போனைப் பள்ளிக்குள் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“பயப்படாதே. இருட்டுல மூளை நல்லா வேலை செய்யும். யோசி.”

“எனக்கு வெளிச்சத்துலயே செய்யாது, சித்தி.”

“சரி, நான் யோசிக்கறேன், நீ ‘ம்’ போடு. நேத்து காலையில பிரார்த்தனை நேரத்துல, இதோ இந்தப் படியிலதான் பெரிய டீச்சரை யாரோ தள்ளிவிட்டிருக்காங்க.”

“ம்.”

“கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. யார் தள்ளினதுன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறாங்க.”

“ம்.”

“இந்த ரெண்டு கதவுக்கும் பொதுவா ரெண்டே சாவி. ஒண்ணு ஃபாதர்கிட்ட, ஒண்ணு வாட்ச்மேன்கிட்ட. ஃபாதர் அந்த நேரம் மைக்கில பிரார்த்தனை சொல்லிட்டிருந்தார். பள்ளிக்கூடமே கேட்டுச்சு. ஆக வாட்ச்மேன்தான்னு இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிட்டார்.”

வால் ‘ம்’ போட மறந்துவிட்டான். அவன் லிஃப்டில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஆள்.

வாட்ச்மேனுக்கு எதிராக விஷயம் பலமாகத்தான் இருந்தது. வேலை நேரத்தில் தூங்கினார் என்று பெரிய டீச்சர் முந்தின நாள்தான் அவரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அவருடைய சாவி டீச்சர் விழுந்து கிடந்த இடத்தில் கிடந்தது. போதாததற்கு டீச்சரின் வெள்ளைச் சேலையில், தோள்பக்கம், கறுப்பாக ஒரே ஒரு கட்டைவிரல் தடம். வாட்ச்மேனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தினமும் காலையில் மையைத் தொட்டுக் கைநாட்டுத்தான் வைப்பார். இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்திவிட்டால் ஜெயில்தான்.

வாட்ச்மேனின் மனைவி விடிந்ததும் விடியாததுமாகச் சித்தியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரர் தூங்குவாரும்மா. அதை நான் மறைக்கல. ஆனா ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டாரு. அடிக்கணும்னா முழிச்சிருக்கணுமே!” என்று அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாக வாலுக்குப் பட்டது.

இப்போது அவனுக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை. சுவர்கள் நகர்ந்து நகர்ந்து கிட்டே வருவதாகத் தோன்றியது. கதவை இரண்டு கையாலும் தட்டினான். “யாராவது இருக்கீங்களா? திறங்களேன்!” மூச்சு மேலே போனது, கீழே வரவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் புஜத்தைப் பிடித்தது.

வால் அலறிக்கொண்டே அந்தக் கையைப் பிடுங்கித் தள்ளினான்.

“அடப்பாவி! என்னையே தள்ளறியே!” சித்தியின் முழங்கை சுவரில் உராய்ந்த சத்தம் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்ததால் படியில் உருளாமல் தப்பித்தாள்.

“ஐயோ, நீங்கன்னு தெரியல சித்தி!”

“இங்க வேற யாருடா இருக்கா?”

“தெரியல. யாரோன்னு நினைச்சுட்டேன்.”

சித்தி இன்னும் நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அது அவனுக்கு இருட்டைவிடப் பயமாக இருந்தது.

வெளியே சாவி திரும்பியது. கதவு திறந்து வெளிச்சம் உள்ளே கொட்டியது. வாசலில் ஃபாதர் நின்றார். நல்ல உயரம், வெள்ளை அங்கி, பஞ்சுத் தலை, முகம் கொள்ளாத சிரிப்பு. சர்ச்சுக்குப் பாதிரியாரும் அவர்தான், பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவர்தான். ஓட்டைக் கொட்டகையாக இருந்ததை இத்தனை பெரிய பள்ளிக்கூடமாக ஆக்கியவர் என்று கேட்டில் நுழையும்போதே நாலு பேர் சொல்லியிருந்தார்கள்.

“அடடா, உள்ள மாட்டிக்கிட்டீங்களா? வாங்க, வாங்க. பயந்துட்டீங்க போலிருக்கே.” பூட்டில் தொங்கிய சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இதைக் காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன். இங்கயா தொங்குது!” பிறகு சித்தியைப் பார்த்தார். “நீங்க புதுசா சேர்ந்த டீச்சராம்மா? எந்த வகுப்பு?”

காலையில் இதே மனிதர்தான் அவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். இதே சாவியைத் தன் கையாலேயே சித்தியிடம் எடுத்துக் கொடுத்தார்.

“டீச்சர் இல்ல ஃபாதர்,” என்றாள் சித்தி மெதுவாக. “நேத்து நடந்ததைப் பத்தி விசாரிக்க வந்திருக்கோம்.”

“சந்தோஷம், சந்தோஷம். பசங்களை மட்டும் அடிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் வராந்தாவில் நடந்து போனார்.

“பார்த்தீங்களா நடிப்பை!” வால் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். “நம்மளையே தெரியாதாம். இவர்கிட்ட ஏதோ வில்லங்கம் இருக்கு, சித்தி.”

சித்தி முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அவர் போன திசையைப் பார்த்தபடி நின்றாள்.

*

பெரிய டீச்சர் இல்லாததால் பள்ளிக்கூடம் இப்போது டிரில் மாஸ்டர் கையில் இருந்தது. கழுத்தில் விசிலோடு, பேசுவதைக்கூட விசில் அடிக்கிற வேகத்தில் பேசுகிற ஆள்.

“நேத்து நடந்ததை வரிசையா சொல்லுங்க, மாஸ்டர்,” என்றாள் சித்தி.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? பசங்க மைதானத்துல வரிசையா நின்னாங்க. மணி அடிச்சோம். ஃபாதர் ஸ்பீக்கர்ல பிரார்த்தனை சொன்னார். பெரிய டீச்சர் ரூம்ல மைக் அலமாரி இருக்கு, தினம் அங்கேர்ந்துதான் பேசுவார். குரல் சும்மா கணீர்னு இருக்கும். முடிக்கும்போது ‘அல்லேலூயா’ம்பார், பசங்க திருப்பிக் கத்துவாங்க பாருங்க, மரத்துல ஒரு காக்கா இருக்காது!”

“அப்புறம்?”

“முடிஞ்ச கையோட ஃபாதர் மாடியிலேர்ந்து இறங்கி வந்தார், கையில சாம்பல் கிண்ணத்தோட. நேத்து சாம்பல் புதன் இல்லையா? காலையில சர்ச்சுக்கு வந்தவங்களுக்கு வச்சுட்டு, அப்புறம் இங்க பசங்க நெத்தியில ஒவ்வொருத்தருக்கா சிலுவை போட்டுவிட்டார். பெரிய டீச்சரைக் காணோமேன்னு நான் மாடிக்குப் போனேன். இந்தக் கதவுக்குப் பின்னால முனகல் சத்தம். வாட்ச்மேன் சாவியை எடுக்கலாம்னா அவன் கூண்டுல ஆணி மட்டும்தான் இருக்கு. ஃபாதரைக் கூப்பிட்டுத்தான் திறந்தோம். அந்த வாட்ச்மேனோ, சாவி என் இடுப்பை விட்டு நகரவே இல்லைன்னு இன்னிவரைக்கும் சாதிக்கிறான். சாவி டீச்சர் பக்கத்துல கிடக்குது, இவன் இடுப்புல இருந்துச்சாம்!”

சித்தி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். “நேத்தும் அல்லேலூயா சொன்னாரா?”

“சொன்னாரே.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“பள்ளிக்கூடமே திருப்பிக் கத்துச்சும்மா!”

“நீங்க சர்ச்சுக்குப் போற வழக்கம் உண்டா, மாஸ்டர்?”

“நமக்கு மைதானத்தோட சரி.”

“பெரிய டீச்சர் ரூமைத் திறங்க,” என்றாள் சித்தி.

அந்த அறையின் சாவி எப்போதும் டீச்சரின் இடுப்பில்தான் இருக்குமாம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டிரில் மாஸ்டர் வாங்கி வைத்திருந்தார். அறை பளிச்சென்று இருந்தது. மூலையில் மைக் அலமாரி. திறந்தால் ஸ்பீக்கர் பெட்டி, மைக், மைக்குக்கு முன்னால் ஒரு பழைய டேப்ரிக்கார்டர். அதிலிருந்து ஒரு வயர் நேராக ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனது. மைக்கின் தலையில் தூசி படிந்திருந்தது.

சித்தி ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டு, டேப்பை முதலுக்குச் சுற்றிவிட்டு டேப்ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கினாள்.

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே...” ஃபாதரின் குரல் பள்ளிக்கூடம் முழுக்க ஒலித்தது. பாடம் நடந்துகொண்டிருந்த அத்தனை வகுப்பிலும் பெஞ்சுகள் கரகரவென்று நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டிரில் மாஸ்டர் கணக்குப் பாட நேரத்தில் என்ன பிரார்த்தனை என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார்.

வால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். “சித்தி, இங்க வாங்க!”

ஃபாதர் கீழே மைதானத்தின் நடுவில் தனியாக நின்றிருந்தார். வாய் மூடியிருந்தது. குரல் மட்டும் தலைக்கு மேலே கூரையிலிருந்து கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘அல்லேலூயா’ என்று குரல் முடித்ததும் வகுப்புகள் எல்லாம் கத்தின. ஃபாதரும் அவர்களோடு சேர்ந்து உதட்டை அசைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

டிரில் மாஸ்டர் பசங்களை உட்கார வைக்க ஓடினார்.

“எப்படி சித்தி கண்டுபிடிச்சீங்க?”

“நான் கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவடா. சாம்பல் புதன் அன்னிக்குத் தவக்காலம் ஆரம்பிக்குது. அன்னிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் சர்ச்சுல அல்லேலூயாங்கற வார்த்தையே கிடையாது. அது சந்தோஷத்துக்கான வார்த்தை, மூட்டை கட்டி வச்சிடுவாங்க. நான் ஒரு தடவை வாய் தவறிப் பாடிட்டு முட்டி போட்டிருக்கேன். தலை நரைச்ச பாதிரியார், கையில சாம்பலை வச்சுக்கிட்டு அதைச் சொல்வாரா? நேத்து பேசினது ஃபாதர் இல்ல, என்னிக்கோ பதிவு பண்ணின டேப்.”

வால் கையைத் தட்டினான். “நான் சொன்னேன்ல! டேப்பை ஓடவிட்டுட்டு மனுஷன் படிக்கட்டுல டீச்சருக்காகக் காத்திருந்திருக்கார். மைக்கில இருந்தேன்னு ஊரையே சாட்சிக்கு வச்சுட்டார். அப்புறம் அந்தக் கட்டைவிரல்...”

சித்தி கைக்குட்டையை எடுத்து விரித்தாள். காலையில் ஸ்டேஷனில் சேலைக் கறையை அதால் லேசாகத் தொட்டிருந்தாள். வெள்ளைக் கைக்குட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். “மைன்னா துணியில ஊறிப் போயிடும். இது தொட்டதும் ஒட்டிக்கிட்டு வருது. நேத்து இந்த ஊர்ல நெத்தியில சாம்பல் இருந்தவங்க ஏராளம். கட்டைவிரல்ல சாம்பல் இருந்தவர் ஒரே ஆள்.”

“பிடிச்சாச்சு! ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க.”

“இருடா. பாதிக் கிணத்துல நிக்கறே. இந்த ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“பெரிய டீச்சர் இடுப்புல.”

“அப்ப டேப்பைப் போட்டது?”

வால் மைக் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். “டீச்சரா? அடி வாங்கப் போறவங்களே, அடிக்கப் போறவருக்குச் சாட்சி தயார் பண்ணிக் கொடுத்தாங்களா? என்ன சித்தி இது, பைத்தியக்காரத்தனமா இருக்கே!”

“அதுதான் எனக்கும் தெரியணும்,” என்று சித்தி கைக்குட்டையை மடித்தாள்.

*

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரிய டீச்சர் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த நிலையிலும் நர்ஸுக்கு, போர்வையை எப்படி மடிப்பது என்று பாடம் நடந்துகொண்டிருந்தது.

“போலீஸ்கிட்டயே சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல,” என்றார் சித்தியைப் பார்த்ததும்.

“உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு டீச்சர். ஞாபகம் இல்லாதது ஃபாதருக்கு.”

டீச்சரின் முகம் வெளுத்துப் போனது. நர்ஸை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“இன்னிக்கு என்னைப் பார்த்துப் புது டீச்சரான்னு கேட்டார்,” என்றாள் சித்தி. “காலையில அவரே கொடுத்த சாவியை எங்க போச்சுன்னு தேடிட்டிருந்தார். பிரார்த்தனை வார்த்தை மறந்துபோகுதுன்னுதானே டேப் போடறீங்க? நேத்து டேப்பை ஓடவிட்டும் அவர் வரல. சர்ச்சுலேர்ந்து அந்தப் படிக்கட்டு வழியாத்தானே வருவார்னு தேடிட்டுப் போனீங்க. உங்ககிட்ட அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. வாட்ச்மேன் கூண்டுக்குப் போனீங்க, அவர் தூங்கிட்டிருந்தார். ஆணியிலேர்ந்து சாவியை எடுத்துக்கிட்டீங்க. தூங்கினது தெரிஞ்சா வேலை போயிடும்னு அந்த மனுஷன் சாவி இடுப்புல இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணிட்டிருக்கார். அந்தப் பொய்யே இப்ப அவரைக் கட்டிப் போட்டிருக்கு.”

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

“இருட்டுல நின்னுட்டிருந்தார்,” என்றார். “சாவி கழுத்துலயே தொங்குது. அதை என்ன பண்றதுன்னு தெரியல. எவ்வளவு நேரமா நின்னாரோ, நடுங்கிட்டிருந்தார். ‘வாங்க ஃபாதர்’னு கையைப் பிடிச்சேன். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை... ‘யாரு நீ’ன்னு கத்தித் தள்ளிட்டார். நான் விழுந்து கிடக்கறேன். அவர் நான் திறந்த கதவு சாத்திக்கறதுக்குள்ள வெளியே போய், பசங்களுக்குச் சாம்பல் வச்சுட்டிருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சு மாஸ்டரோட வந்து, ‘யாரும்மா உன்னை இப்படிப் பண்ணினது’ன்னு என் தலையை மடியில வச்சுக்கிட்டு அழறார். நான் என்னத்தைச் சொல்ல?”

“கெட்ட எண்ணத்துல தள்ளல,” என்றாள் சித்தி. “அது எனக்குத் தெரியும். என் அக்கா மகனே இன்னிக்கு அதே படியில என்னைத் தள்ளினான். இருட்டும் பயமும் சேர்ந்தா சித்தியும் தெரியாது, டீச்சரும் தெரியாது.”

வால் தலையைக் குனிந்துகொண்டான்.

“நாங்க ரெண்டு பேரும் தினம் சண்டை போடுவோம்,” என்றார் டீச்சர். “சுவருக்கு என்ன பெயிண்ட்டுன்னு மாசக்கணக்கா சண்டை. அப்படிச் சண்டை போட்டே இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினோம். மறதி வந்தது பசங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சது. அவர் கேக்கறதுக்கு முன்னாலயே அவங்கவங்க பேரைச் சொல்லிட்டுப் போவாங்க. யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியாது. பிஷப் ஆபீஸுக்குத் தெரிஞ்சா வயசான சாமியார்களுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு, அங்க அனுப்பிடுவாங்க. நான் போய்ப் பார்த்தேன். எல்லாரும் பூட்டின கேட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள அவர் மூளை வழி தப்பினாலும் கால் தப்பாது. முழுப் பரீட்சை வரைக்குமாவது வச்சுக் காப்பாத்திடலாம்னு பார்த்தேன். தவக்காலம் ஆச்சே, டேப்பை அல்லேலூயாவுக்கு முன்னாலயே நிறுத்திடணும்னு நேத்து காலையிலகூட நினைச்சேன். அவரைக் காணோம்ங்கற பதட்டத்துல ஓடிட்டேன்.”

“வாட்ச்மேன்?”

“ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு...”

“நாளைக்குக் கோர்ட்!” சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க பாசம் பெருசுதான் டீச்சர், நான் குறை சொல்லல. அதுக்கு இன்னொரு வீட்டு மனுஷனை உள்ள தள்ளலாமா? அவர் பொண்டாட்டி தூக்குச்சட்டியை வச்சுக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்திருக்கா. நீங்க பாத்தீங்களா அவளை?”

டீச்சர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “நான் போலீஸ்ல சொல்லிடறேன்,” என்றார். “ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. தாங்க மாட்டார்.”

“அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்,” என்றாள் சித்தி. “மறந்து போறவர்ங்கறதுக்காக அவரை ஒண்ணும் கேக்காமலே முடிவு பண்ணக் கூடாது.”

*

ஃபாதர் இன்னும் மரத்தடியில்தான் இருந்தார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

அவர் தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது.

“நானா?” என்றார். “அந்தப் பொண்ணையா? ஒண்ணும் ஞாபகம் வரலையேம்மா. ஆனா பொய் சொல்ற முகம் இல்ல உங்களுது.” திடீரென்று நிமிர்ந்தார். “வாட்ச்மேன் உள்ள இருக்காரா? எனக்குப் பதிலாவா? எழுந்திருங்க, போலாம்.”

“முழுசாக் கேட்டுக்கோங்க ஃபாதர். நீங்க வந்து சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். உங்களை இங்க விட்டு வைக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகணும்.”

ஃபாதர் கட்டடத்தை ஒரு முறை பார்த்தார். எங்கேயோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது.

“கஷ்டம்தான்,” என்றார். “வாங்க போலாம்.”

ஆட்டோ பிடித்தார்கள். ஃபாதர் நடுவில், இரண்டு பக்கமும் சித்தியும் வாலும். பெரிய சாலைக்கு வந்ததும் ஃபாதர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். பிறகு சித்தியின் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்: “நாம எங்கம்மா போறோம்?”

சித்தி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். படிக்கட்டு, டீச்சர், கட்டைவிரல், வாட்ச்மேன். கடைசியில், பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதையும் விடாமல் சொன்னாள். ஃபாதருக்கு அது இப்போதுதான் முதல் தடவை. அதே மாதிரி விரலைப் பார்த்தார், அதே மாதிரி கண் கலங்கினார். “ஆட்டோக்காரரே, கொஞ்சம் வேகமாப் போப்பா,” என்றார்.

சிக்னலில் நின்றபோது மறுபடியும் கேட்டார். சித்தி சொல்ல வாயெடுத்தாள். எத்தனையோ திருட்டுப் பயல்களை அலற வைத்த சித்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

“நான் சொல்றேன் ஃபாதர்,” என்றான் வால். ஒரு ஜோக் சொல்லி ஆரம்பிக்கலாமா என்று பார்த்தான், ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். கடைசிப் பகுதியை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. விட்டால் இந்தக் கண் கலங்காது. ஆனால் சித்தி விடவில்லையே என்று நினைத்து அதையும் சொல்லி முடித்தான்.

“போலாம்,” என்றார் ஃபாதர்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நின்றது. படியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் மனைவி, வெள்ளை அங்கியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ஃபாதர் இறங்கி, சிவப்புக் கட்டடத்தையும் போர்டையும் பார்த்தார். வாலின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இது போலீஸ் ஸ்டேஷன் ஆச்சே. இங்க எதுக்குப்பா வந்திருக்கோம்?”

வால் அந்த நடுப்பகலில் ரோட்டோரத்தில் நின்றபடி இன்னொரு தடவை சொன்னான். தள்ளியது யார், உள்ளே இருப்பது யார், சொன்னால் எதையெல்லாம் விட்டுப் போகணும், எல்லாம் சொன்னான். ஃபாதர் விரலைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

“இந்தம்மா வீட்டுக்காரர் இன்னும் உள்ளயா இருக்கார்?”

“ஆமா ஃபாதர்.”

“அப்புறம் நாம ஏம்ப்பா வெளியில நிக்கிறோம்?” என்று கேட்டுவிட்டு ஃபாதர் படியேறினார்.